டப்பாக் கறியும் உப்புக்கண்டமும்

என் தங்கையின் கணவர் சவுதி வேலையை முடித்துக்கொண்டு நிரந்தரமாக ஊர் திரும்பியபோது, அவருடைய பெட்டிகளைப் பிரிப்பதற்காக லப்பைக்குடிக்காட்டில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் கூடியிருந்தோம். போர்வை, தைலம், பேரீச்சம்பழம், அத்தர் என்று வழக்கமான பொருள்கள் முதல் இரண்டு பெட்டிகளோடு தீர்ந்துவிட்டன. மூன்றாவது பெட்டி மிகவும் கனத்தது. கயிற்றை அறுத்துப் பார்த்தோம். சிறிய தகர டப்பாக்கள், செங்கல் அடுக்கியது போல, இடைவெளியின்றி அடுக்கப்பட்டிருந்தன. பெரும்பாலானவற்றில் சாசேஜ், அதாவது, கோழிக்கறியை மசிய அரைத்து, விரல் நீளத்துக்கு உருட்டி, உப்புநீரில் மிதக்க விட்டது. மற்றவற்றில் மாட்டுக்கறியை அச்சில் அழுத்தி அடைத்திருந்தார்கள்.

தங்கை ஒரு டப்பாவை எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்தாள்.

"என்னாங்க இது? பூனைக்குக் கொண்டாந்தீங்களா?"

"எனக்கு," என்றார் அவர்.

நான் அவளுக்கு மூத்தவன். அடுத்த தெருவில் மளிகைக் கடை நடத்தி, இப்போது அதை மகன் பொறுப்பில் விட்டுவிட்டு ஓய்ந்திருப்பவன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டிப் பள்ளிக்கூடம் சென்றதில்லை. பொட்டலம் மடிப்பதற்கென்று கடைக்கு வந்த பழைய பத்திரிகைகளே எனக்குக் கல்வி அளித்தன. ஆகையால் எழுத்து எதைக் கண்டாலும் படித்துப் பார்க்காமல் விடுவதில்லை. அந்த டப்பாவின் மேல் அரபியில் நெருக்கமாக அச்சிட்டிருந்தார்கள். மதரசாவில் ஓதிய பழக்கத்தால் எழுத்துக் கூட்டி வாசிக்க முடிந்ததே தவிர, பொருள் விளங்கவில்லை. ஹலால் என்ற ஒரு சொல் மட்டும் கண்ணில் பட்டது. அதைக் கண்டவுடன் மனநிறைவு அடைந்து டப்பாவைக் கீழே வைத்துவிட்டேன். கறியைப் பற்றி எங்கள் வீடுகளில் கேட்கப்படும் கேள்வி அது ஒன்றுதான்.

மறுநாள் காலையில் நான் அங்கே போனபோது தங்கை இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் செய்திருந்தாள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கணவருக்கு எந்தெந்த வேளையில் என்னென்ன சமைத்துப் போடுவது என்று மனத்துக்குள் எண்ணி வைத்திருந்த பெண் அவள். இடையிடையே விடுமுறையில் வந்தபோதெல்லாம் உறவினர் வீட்டு விருந்துகளிலேயே அவருடைய நாட்கள் கழிந்துவிடும். இனி அப்படியல்ல, இனி ஒவ்வொரு வேளையும் அவளுடையது. அவரோ மரியாதைக்காக ஓர் இடியாப்பத்தைப் பாயாவில் தொட்டுத் தின்றுவிட்டு, ஒரு டப்பாவின் வளையத்தை விரலால் இழுத்துத் திறந்து, இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே சாசேஜை வைத்து, சூடுகூடப் பண்ணாமல், கண்ணை மூடிக்கொண்டு தின்றார்.

"பாத்தீங்களா அண்ணே," என்றாள் தங்கை. "நான் விடியக்காலைல எந்திரிச்சுக் கால வாட்டிக் கழுவி வேக வெச்சிருக்கேன். இவரு டப்பாவத் தொறந்துகிட்டு உக்காந்திருக்காரு. எனக்குப் பதிலா அந்த டப்பாக் கடைக்காரனையே கட்டியிருக்கலாம்."

"கட்டியிருக்கலாம்தான். அவன் கேள்வியே கேக்க மாட்டான்," என்றார் மச்சான்.

அவள் சிரித்தாள். ஆனால் பாயா இருந்த பாத்திரத்தை அன்று சற்று ஓசையோடுதான் மூடினாள்.

மச்சானுக்காகவும் இவ்விடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த டப்பாவை வெறும் நாக்குச் சபலம் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. சவுதியில் அவர் வேலை பார்த்த தம்மாமில், கம்பெனி பஸ் விடியற்கால பஜ்ர் தொழுகை முடிந்த சிறிது நேரத்தில் வாசலுக்கு வந்து நின்றுவிடும். அந்தச் சிறு இடைவெளியில் நெருப்பு மூட்டாமல், எவர் உதவியையும் நாடாமல், வயிற்றுக்கு ஏதேனும் கொடுத்தாக வேண்டும். டப்பா அதைச் செய்தது. இளமை தொட்டு முதுமை வரை ஒவ்வொரு விடியலிலும் ஒரு மனிதனுக்குத் துணை நின்ற பொருளை, ஊருக்கு வந்த மறுநாளே கைவிடு என்றால் எப்படி விடுவான்? நாங்கள் ஊரின் சுவைக்காக அவர் ஏங்கிக்கொண்டிருப்பார் என்று நினைத்தோம். அவரோ ஊரில் உட்கார்ந்துகொண்டு, தம்மாமில் தங்கியிருந்த அறையின் சுவைக்காக ஏங்கினார்.

அரியலூரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் அவர்களுடைய மகள்தான் முதலில் எதிர்ப்புக் குரல் எழுப்பியவள். கைப்பேசியில் எச்சரிக்கைச் செய்திகளாக அனுப்பிக்கொண்டேயிருந்தாள். பலன் இல்லாமற்போகவே, ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வந்துவிட்டாள்.

"அத்தா, அது புராசஸ் பண்ண கறி. தெனமும் தின்னா ஒடம்புக்கு ஆகாது."

"இத்தன வருசமா ஆச்சேம்மா."

"ஆச்சா? பள்ளிவாசப் படி ஏறும்போது எதுக்கு நின்னு நின்னு ஏர்றீங்க? காலப் பாருங்க, கொலுசு போட்ட தடம் மாதிரி சாக்ஸ் தடம் பதிஞ்சு கெடக்கு."

அவள் சொன்னது உண்மை. காலுறையைக் கழற்றி நெடுநேரம் ஆன பிறகும் கணுக்காலில் அதன் அச்சு அழியாமல் நின்றது. பெரம்பலூரில் ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போனோம். நடுவயதுப் பெண்மணி, அதிர்ந்து பேசாதவர். இரத்த அழுத்தம் மிகுந்திருப்பதையும் சிறுநீரகம் சற்றுச் சோர்ந்திருப்பதையும் எடுத்துச் சொல்லி, மாத்திரை எழுதிக் கொடுத்தார். சமையலில் உப்பைக் குறைக்க வேண்டும், டப்பாக் கறியை அடியோடு நிறுத்த வேண்டும் என்றார். எஞ்சியிருந்த டப்பாக்களை அன்று மாலையே மகள் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். மச்சான் வாசலில் நின்று, நெருங்கிய ஒருவரை வழியனுப்புவது போல அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கை வென்றுவிட்டாள். அவளுடைய மகிழ்ச்சியை நான் குறை கூற மாட்டேன்.

சில வாரங்களில் பக்ரீத் பெருநாள் வந்தது. குர்பானிக் கறியை ஏழைகளுக்கும் உறவினர்களுக்கும் பகிர்ந்தது போக, வீட்டுக்கென்று நிற்கும் பங்கில் பாதியைத் தங்கை எப்போதும் உப்புக்கண்டம் போட்டுவிடுவாள். கறியை நீள வார்களாக அறுத்து, உப்பும் மஞ்சளும் பிசறி, சணலில் கோத்து, மாடியில் கொடி கட்டிக் காயவிடுவாள். காக்கைக்குக் காவலாகக் கறுப்புக் குடைத்துணி ஒன்றைக் கிழித்துக் கம்பில் தொங்கவிட்டிருப்பாள். இந்த ஆண்டுகளில் பெருநாள் கோடை வெயிலிலேயே வந்துகொண்டிருப்பதால் கறி விரைவில் மரக்குச்சி போல இறுகிவிடும். பிறகு பழைய பால்மாவு டின்னில் அடைத்து, துணியால் சுற்றித் தைத்து, கணவருக்குக் கொடுத்தனுப்ப, சவுதிக்குப் பயணம் போகிற ஆளைத் தேடுவாள்.

ஊரில் எவர் எந்த வாரம் விமானம் ஏறப் போகிறார் என்பது, அவர் மனைவிக்குத் தெரிவதற்கு முன்பே என் தங்கைக்குத் தெரிந்துவிடும். எங்கள் ஊரில் பயணம் போகிறவர் வீட்டுக்குப் பொட்டலங்களோடு ஆட்கள் வந்தவண்ணம் இருப்பார்கள். அவர் எடையைச் சொல்லி முணுமுணுத்துப் பலவற்றைத் திருப்பி அனுப்பிவிடுவார். என் தங்கையின் டின்னை மட்டும் எவரும் மறுத்ததில்லை. ஏனெனில், கொண்டுபோகிறவருக்கென்றே அவள் தனியாக ஒரு கைப்பிடி உப்புக்கண்டம் கட்டிக் கொடுத்துவிடுவாள். கணவர் வாழ்ந்த அந்த அறையை அவள் ஒருபோதும் கண்டதில்லை. அந்த டின் ஆண்டுதோறும் அவளுக்குப் பதிலாக அங்கே போய்வந்தது.

இந்த முறை கறி காய்ந்து முடிந்ததும் அவள் என்னிடம் பெருமிதத்தோடு சொன்னாள்: "இந்த வருசம் யாரு கைலயும் கொடுக்க வேணாம் அண்ணே. அவரு வூட்டுலயே இருக்காரு. அம்புட்டும் அவருக்குத்தான்."

இங்கேதான் பிழை நேர்ந்தது. மருத்துவர் சொன்னதைத் தங்கை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தாள். குழம்பில் உப்பைப் பேருக்குப் போட்டாள். இரசத்தில் அறவே நிறுத்தினாள். அவ்வாறு சமைத்த சோறு மச்சானுக்கு இறங்கவில்லை. வெறும் தண்ணீரில் கையை விட்டுப் பிசைவது போலிருக்கிறது என்றார். அவள் மனம் கேட்குமா? உப்பில்லாத சோறு உள்ளே போவதற்குத் துணையாக, உப்புக்கண்டத்தில் நாலைந்து வார்களை எண்ணெயில் பொரித்துத் தட்டோரம் வைத்தாள். மதியம் வைத்தது இரவுக்கும் நீண்டது. டப்பா போன ஏக்கமும் சேர்ந்துகொள்ள, அவர் அதை ஆவலோடு உண்டார். அவர் உண்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குப் பெருநாளாக இருந்தது.

நானும் உடனிருந்து உண்டேன். எனக்கும் ஐயம் எழவில்லை. அது ஆலையில் செய்ததல்ல, வீட்டில் போட்டது. அது மட்டுமா, அல்லாஹ்வின் பேரால் அறுத்த குர்பானிக் கறி. அதில் தீங்கு இருக்கக்கூடும் என்று நினைப்பதே எங்களுக்கு மரியாதைக் குறைவாகத் தோன்றியிருக்கும். பெயரின் தொடக்கத்திலேயே உப்பு நிற்கிறது. ஆனால் அப்பெயரைப் பிறந்தது முதல் கேட்டுப் பழகிய எங்கள் எவர் காதிலும் அது உறைக்கவில்லை.

மாத்திரை தவறாமல் போட்டும் வீக்கம் வற்றவில்லை. முழங்கால் வரை ஏறியது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வந்தவர், செருப்பை மாட்டக் குனிந்தார். நிமிர முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், மூச்சு எட்ட மாட்டேங்குது," என்றார். தொழுகைக்கு வந்திருந்த ஒருவரின் வண்டியிலேயே பெரம்பலூருக்குக் கொண்டு சென்றோம்.

மருத்துவர் உடனே உள்நோயாளியாகச் சேர்த்துக்கொண்டார். ஊசி போட்டு நீரை வெளியேற்றிய பிறகு மூச்சுத் திணறல் தணிந்தது. எனினும் மருத்துவர் முகத்தில் குழப்பம் தீரவில்லை.

"பாய், உண்மையச் சொல்லுங்க. டப்பா ஐட்டம் ஏதாவது ஒளிச்சு வெச்சுச் சாப்பிடுறீங்களா?"

"அல்லா மேல ஆணையா இல்லீங்க."

"வூட்டுல உப்பு?"

"உப்பா? எம் பொண்டாட்டி சமையல ஒருநாளு வந்து சாப்பிட்டுப் பாருங்க டாக்டரம்மா. உப்புக்கு எங்க வூட்டோட சண்ட. எட்டிக்கூடப் பாக்கறதில்ல."

மறுநாள் மதியம் தங்கை டவுன் பஸ் பிடித்துச் சாப்பாட்டுக் கேரியரோடு வந்தாள். அவள் தட்டில் பரிமாறிக்கொண்டிருந்த சமயம் மருத்துவர் நோயாளிகளைப் பார்வையிட்டுக்கொண்டே எங்கள் அறைக்குள் வந்தார். சோற்றுக்குப் பக்கத்தில் கருஞ்சிவப்பாகக் கிடந்த வார்களைக் கண்டு, "இது என்னம்மா?" என்று கேட்டார்.

கைப்பக்குவத்தைப் பற்றிக் கேள்வி வந்தால் எந்தப் பெண்ணுக்கும் முகம் மலரத்தானே செய்யும்? தங்கை கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினாள்.

"இதுவா டாக்டரம்மா, குர்பானிக் கறி. வூட்டுல போட்டது. கடையில வாங்குனது ஒன்னுமே கெடையாது. மொதல்ல கொழுப்ப எடுத்துட்டு எலும்பில்லாம வார் வாரா அறுத்துக்கணும். மஞ்சத்தூளு, பூண்டு, கொஞ்சம் மொளகா. அப்புறம் கல்லுப்பு. உப்புல மட்டும் கஞ்சத்தனம் பண்ணக் கூடாது, பண்ணா புழு வெச்சுடும். கறி மறையற அளவுக்கு அள்ளிப் போட்டு நல்லாப் பெசறி வுட்டுடணும். மறுநா பாத்தா தண்ணி வுட்டிருக்கும். அதுலயே இன்னும் ரெண்டு கை உப்ப அள்ளி…"

அவள் கை காற்றில் உப்பை அள்ளியது. அள்ளிய கை அப்படியே நின்றுவிட்டது. அவள் தன் கையையே பார்த்தாள். பிறகு கணவரின் காலைப் பார்த்தாள்.

"நான்தானா?" என்றாள்.

மருத்துவர் கட்டிலின் விளிம்பில் அமர்ந்தார். அவர் நினைத்திருந்தால் அவ்விடத்தில் கடிந்து பேசியிருக்கலாம். பேசவில்லை.

"கொழம்புல உப்பக் கொறச்சது நீங்கதானேம்மா? அது பெரிய வேல. பாதிப் பேரு செய்யறதே இல்ல. டப்பாவ நிறுத்துங்கன்னு சொன்னேன், நிறுத்திட்டீங்க. இதப் பத்தி நான் கேக்கவே இல்லியே. என்னக் கேட்டா, டப்பால அடைச்சாலும் மாடில காயவெச்சாலும் ரெண்டும் ஒரே குடும்பம்தான். கெடாம இருக்கணும்னா உப்பு வேணும். நம்ம கையால போட்டோம்னு உப்பு சும்மா இருக்காது, அவ்ளோதான்."

தங்கை தட்டிலிருந்த வார்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கேரியரின் மூடியில் போட்டாள். மச்சான், "இருக்கட்டும் புள்ள, ஒன்னு மட்டும்," என்றார். அவள் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் அமர்ந்திருந்தாள். சிமெண்ட் லாரி ஒன்றுக்கு வழிவிட்டுப் பஸ் ஒதுங்கி நின்ற வேளையில் திடீரென்று என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, இந்த ஒரு மாசத்த வுடுங்க. வருசா வருசம் டின்னு டின்னா அனுப்பினேனே. அங்க தனியா உக்காந்து அம்புட்டையும் தின்னிருப்பாரே. அதுதான் இவர ஒடச்சிருக்குமோ?"

படித்தவன் என்று என்னை நம்பிக் கேட்கிறாள். பத்திரிகைகளில் நான் படித்த எதிலும் அதற்கு விடை இருக்கவில்லை. "அல்லா லேசாக்குவான்," என்று மட்டும் சொன்னேன். அது அவள் கேள்விக்குப் பதிலாகாது என்பது இருவருக்கும் தெரியும்.

வீடு சேர்ந்ததும் டின்னை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள். "எங்கயாவது கொண்டு போயிடுங்க. என் கண்ணுல பட வேணாம்." வெள்ளாற்றில் வீசவோ நாய்க்குப் போடவோ எனக்கு மனம் ஒப்பவில்லை, குர்பானிக் கறியல்லவா? என் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன்.

மச்சான் நலமடைந்து வீடு வந்தார். வீக்கம் வற்றிக் கணுக்கால் எலும்பு வெளியே தெரிந்தது. பள்ளிவாசல் படியில் நிற்காமல் ஏறினார். தங்கையோ முற்றிலும் வேறொருத்தியாகிவிட்டாள். சமைத்து வைத்துவிட்டு, அவர் உண்ணும்போது எதிரில் அமராமல், துணி மடிக்கிறேன், செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று விலகிப் போனாள். கிண்டல் பேச்சு அறவே நின்றது. அவர் சட்னியில் குறை சொல்லி வம்புக்கு இழுத்தும் அவள் வாய் திறக்கவில்லை. இரத்த அழுத்தம் இறங்கிய அந்த வீட்டில் ஒலியும் இறங்கிவிட்டது. மச்சான் என்னிடம் வந்து, "இவ பேசாம இருக்கறதுக்கு அந்த மூச்சுத் திணறலே தேவல மச்சான்," என்றார்.

மறுபரிசோதனைக்கு மூவருமாகப் போனோம். கருவியைக் கையில் கட்டி அளந்து பார்த்துவிட்டு மருத்துவர் திருப்தியோடு தலையசைத்தார். அந்தத் தறுவாயில் மச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"டாக்டரம்மா, ஒன்னு கேட்டாத் திட்டக் கூடாது. அந்த உப்புக்கண்டத்த இனிமே ஜென்மத்துக்கும் தொடக் கூடாதா?"

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள்.

"சவுதில இருந்தப்ப எவ்வளவு சாப்பிடுவீங்க?" என்று மருத்துவர் திருப்பிக் கேட்டார்.

"அங்கயா? அங்க எனக்கு வராதுங்க. எட்டுப் பேருக்கு ஒரு துண்டுதான்."

தங்கை சட்டென்று நிமிர்ந்தாள். "எட்டுப் பேரா? நான் ஒங்களுக்குன்னுதான அனுப்பினேன்!"

"ஒரு ரூமுல எட்டுப் பேரு படுத்திருக்கோம். நான் மட்டும் டின்னத் தொறந்து வெச்சுத் தின்னா அந்தச் சோறு எறங்குமா புள்ள? வெள்ளிக்கெழம லீவு. வியாழக்கெழம சாயந்தரமே ஒரு துண்டத் தண்ணில போட்டுடுவோம். அந்தத் தண்ணியக் கொட்டிட்டு, கல்லுல வெச்சுத் தட்டி, நாரு நாராப் பிச்சு, பெரிய சட்டில பருப்பும் பரங்கிக்காயும் போட்டுக் கொதிக்க வுடுவோம். பூலாம்பாடிக்காரரு ஒருத்தரு, ஆண்டிமடத்துக்காரரு ஒருத்தரு, கங்கைகொண்ட சோழபுரத்துப் பையங்க ரெண்டு பேரு, எல்லாருக்கும் அந்த வாசனைதான். வாசனையிலயே ரெண்டு தட்டு சோறு போயிடும். ஒரு டின்னு ஒரு வருசம் வரும் எங்களுக்கு."

"அப்ப நீங்க திங்கவே இல்லியா?"

"கொழம்பு தின்னேன். பிய்க்காம ஒரு சின்னத் துண்ட மட்டும் முழுசா வுட்டு வெச்சிருப்போம். ஊர்லேர்ந்து புதுசா வந்தவன் எவனாவது செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துகிட்டு அழுதுகிட்டு இருப்பான். அத அவன் தட்டுல போட்டுடுவோம். ரூமுக்குப் புதுசா வந்தவனுக்குத்தான் துண்டு. அது எங்க சட்டம்."

தங்கையின் முகத்தில் முதலில் தோன்றியது கோபமா, ஆறுதலா என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலவில்லை. இரண்டும் கலந்தே இருந்திருக்க வேண்டும். பிறகு மருத்துவரைப் பார்த்து மெல்லக் கேட்டாள்: "அப்ப நான் அனுப்பினதால…?"

"அந்த டின்னால இல்லம்மா," என்றார் மருத்துவர். "தெனமும் காலைல தொறந்த டப்பாவும், போன மாசம் ரெண்டு வேளையும் பொரிச்சு வெச்சதும் வேற கணக்கு. வெள்ளிக்கெழம ஒரு துண்ட எட்டுப் பேரு பங்கு போட்டது வேற கணக்கு. இனிமே இப்படி வெச்சுக்கங்க. மாசத்துல ஒரு நாளு. கட்டவிரல் அளவு துண்டு. நல்லா ஊறவெச்சு, தண்ணிய ரெண்டு தடவ மாத்திக் கொட்டிட்டு, நெறையக் காயோட. அன்னிக்குக் கொழம்புல வேற உப்பு போடக் கூடாது. அப்பளம், ஊறுகாய் கூடாது. பிபி ஏறுச்சுன்னா அதுவும் கெடையாது."

"டப்பா?" என்றார் மச்சான், மிகச் சிறிய குரலில்.

"அதுக்கும் இதே கணக்குதான். ஆனா வூட்டுல ஒன்னு போதாதா பாய்?"

நான் புன்னகை புரிந்திருக்க வேண்டும். மருத்துவர் என் பக்கம் திரும்பினார். "இது அவருக்கு மட்டும் சொல்லலீங்க. உங்களுக்கும்தான். வியாதி இல்லாதவங்களும் இதத் தெனமும் சாப்பிடக் கூடாது. உப்பு மட்டும் இல்ல, நாள்பட்டா கொடலுக்கும் ஆகாது. எப்பவாச்சும், கொஞ்சமா. அதுக்கு மேல நான் நல்ல பேரு தர மாட்டேன்."

திரும்பும் வழியில் மச்சான் உற்சாகமாக இருந்தார். "டாக்டரம்மா சொல்றது சரிதான் மச்சான். மாமியா வூட்டுக்கு வர்ற மாப்ள மாதிரி அது. எப்பவாச்சும் ஒருக்கா வந்தாத்தான் மரியாத."

ஜன்னல் பக்கமிருந்து தங்கையின் குரல் வந்தது. "ஆமாமா. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வந்து மரியாத வாங்கிட்டுப் போனவருக்குத் தெரியாதா?"

அவள் கிண்டல் பேசி வெகு நாட்களாகியிருந்தன. மச்சான் முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெற்றி பெற்றவர் போல வெளியே பார்த்தார்.

அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை என்னைச் சாப்பிட அழைத்தார்கள். அதற்கு முந்தின நாளே மச்சான் ஆள் அனுப்பி என்னிடமிருந்து டின்னை வாங்கிக்கொண்டிருந்தார். தொழுகை முடிந்து அவரோடு வீட்டுக்குள் நுழைந்தேன். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நேரே அடுப்படிக்குள் போனார். எங்கள் வீடுகளில் ஆண்கள் அடுப்படியில் நிற்பது வழக்கமில்லை. தங்கை வாசற்படியில் வந்து நின்றாள்.

"என்னா பண்ணப் போறீங்க?"

"சமைக்கப் போறேன். நீ போயி உக்காரு."

"ஒங்களுக்கு அடுப்பு பத்த வெக்கத் தெரியுமா?"

"முப்பது வருசம் யாரு பத்த வெச்சா, ஒங்க அண்ணனா?"

முந்தின நாள் மாலையே அவர் துண்டை ஊறப் போட்டிருந்தார் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அவர் தண்ணீரை வடித்துக் கொட்டினார். அம்மிக் குழவியால் கறியைத் தட்டினார். பரங்கிக்காயைத் தோலோடு அரிந்தார். அவள் அவருடைய கையையே கவனித்துக்கொண்டிருந்தாள். கத்தியை அவர் பிடித்த விதமும், பருப்பு பொங்கி வரும்போது மூடியைச் சாய்த்து வைத்த விதமும், நெடுநாள் பழகிய கையுடையவை. தான் காணாத அத்தனை ஆண்டுகளும் அந்தக் கையில் இருப்பதை அவள் இப்போது காண்கிறாள் என்று எனக்குப் பட்டது. அவள் போய் உட்காரவில்லை. உப்பு ஜாடியை மட்டும் எடுத்து, அவருக்கு எட்டாத மேல்தட்டில் வைத்தாள்.

சோறு பரிமாறியதும் மூவரும் ஒரே விரிப்பில் அமர்ந்தோம். மச்சான் சட்டியைக் கிளறி, பிய்க்காமல் விட்டிருந்த அந்தச் சிறு துண்டைத் தேடி எடுத்தார். எடுத்துத் தங்கையின் தட்டில் வைத்தார்.

"எனக்கு எதுக்கு? நீங்க சாப்பிடுங்க. மாசத்துல ஒரு நாளுதானே."

"சட்டம்னா சட்டம்தான். இந்த ரூமுக்கு நீதான் புதுசு."

அவள் அந்தத் துண்டை இரண்டு விரல்களால் எடுத்தாள். சிறிது நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு வாயிலிட்டு மெதுவாக மென்றாள். அவளுடைய தீர்ப்புக்காக நாங்கள் இருவரும் கையைச் சோற்றில் வைத்தபடி காத்திருந்தோம்.

"உப்பு பத்தல," என்றாள் அவள். சொல்லிவிட்டுச் சட்டியைத் தன் பக்கம் இழுத்து, அவருடைய தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.